குதிரைக்குட்டிக்கு வைத்த ரொட்டி

மெட்டுகுடாவில் ஏனோக்கின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அது சோற்றுக்கான வேலை. உயிரை விட்டுச் செய்த வேலை வேறு. செகந்திராபாத்தில் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு வெளிநாட்டுப் பிரசங்கியார் யார் வந்தாலும், பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏனோக் நிற்பார். பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், வாய் மூடுவதற்குள் இவர் தமிழில் சொல்லிவிட வேண்டும். அவர் கையைத் தூக்கினால் இவரும் தூக்க வேண்டும். அவர் அழுதால் இவர் குரலும் உடைய வேண்டும். மேஜையில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டுகிற சாவகாசமெல்லாம் அங்கே கிடையாது.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. பிரசங்கியார் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’, ‘அவராம்’ என்றெல்லாம் இழுத்தால் கூட்டம் படுத்துவிடும். இந்தச் சட்டத்தால் ஏனோக்குக்குக் கல்யாணமே தட்டிப்போகப் பார்த்தது. பெண் கொடுக்க நினைத்தவர் பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து, மாப்பிள்ளையின் லட்சணத்தைப் பார்க்கலாமென்று சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்துக்குப் போனார். ரயில் தாமதம்; அவருக்கு இடம் கிடைத்ததோ பந்தல்காலுக்குப் பின்னால். மேடை தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. “நான் குடித்தேன்! குடித்துவிட்டு என் மனைவியைத் தெருவில் தள்ளினேன்!” என்று ஏனோக் கதறிக்கொண்டிருந்தார். மனிதர் அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவர் போவதைப் பார்த்துவிட்ட பாஸ்டர் ஐயாவே ஓடிப்போய், குடித்தது அமெரிக்காக்காரர், மாப்பிள்ளை டீக்கு மேல் எதையும் தொடாதவர் என்று பிளாட்பாரத்தில் வைத்துச் சத்தியம் செய்து அழைத்துவந்தார். அந்தப் பெண்தான் ஜெயசுந்தரி. நாற்பத்தெட்டு வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஏனோக்கின் வாழ்க்கையில் இன்னொரு மைக்கும் இருந்தது. அந்த மைக்கைப் பிடித்த ஏனோக்கைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எழுபத்துநாலாம் வருஷம். அப்போது ஊரில் சோவியத் நட்பு மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளர் கிருஷ்ணா, சாமி என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிக்கிற ஆசாமி. கன்வென்ஷன் மைதானத்துப் பக்கம் சைக்கிள் பங்சராகி நின்ற ஒரு சாயங்காலம், வேறு வழியில்லாமல் ஏனோக்கின் குரலை ஒரு மணி நேரம் கேட்டுத் தொலைத்தார். மறுநாள் காலையில் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் வந்து நின்றார்.

“உங்க ஆண்டவருக்கே மொத்தக் குரலையும் குடுத்துட்டா எப்படிங்க? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க” என்றார்.

மன்றத்துக்கு மாஸ்கோவிலிருந்து படச்சுருள்கள் வரும். அரசாங்கம் எடுத்த படங்கள். அந்த அரசாங்கத்தில் கேமராவை எங்கே வைப்பது என்பதிலிருந்து குழந்தை எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்பதுவரை மேலிடத்தில்தான் முடிவாகும். அந்த ஊர் நாடகக் குழுக்களுக்கும் அதே கதிதான். பேச்செல்லாம் ரஷ்ய மொழியில் இருக்கும். கூடவே ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள்கள் வரும். அதைப் பார்த்து மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஏனோக் பாஸ்டர் ஐயாவிடம் போய் உத்தரவு கேட்டார்.

“கடவுள் இல்லன்னு எங்கயாவது வருதா?”

“இல்லீங்கய்யா. படம் பூரா கோதுமதான்.”

“கோதும கர்த்தர் குடுத்தது. போய்ட்டு வா.”

போனார். முதல் காட்சி மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி, தகர மேஜைமேல் புரொஜெக்டர், அதன் கரகரப்பு. விளக்கை அணைத்து வெளிச்சம் துணியில் விழுந்ததும் ஏனோக்குக்கே மூச்சு நின்றது. அப்பேர்ப்பட்ட கோதுமை! கண்ணுக்கெட்டியவரை கடல்போல அசைகிறது. நூறு டிராக்டர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு பெண் டிராக்டரின்மேல் எழுந்து நின்று தலைத்துணியை ஆட்டுகிறாள். ஏனோக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளைப் படித்தாரா, பிரசங்கம் செய்தாரா என்று அவருக்கே தெரியாது. கடைசிக் காட்சி முடிந்ததும் பழக்க தோஷத்தில் “ஆமென்!” என்று முழங்கிவிட்டார். ரயில்வே காலனிக் கூட்டமும் சும்மா இருக்குமா? இருநூறு பேர் “ஆமென்!” என்று திருப்பி முழங்கினார்கள். கிருஷ்ணா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் ஏனோக்கை அவர் விடவில்லை. பதினேழு வருஷம், மன்றம் இழுத்து மூடப்படுகிற வரைக்கும், உப்பல் தொழிற்சாலைக் காலனிகளிலிருந்து லோத்குண்டா வரை, இந்தக் குரல் போகாத இடமில்லை. எத்தனையோ படங்கள் வந்தன. ஆனால் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது முதலில் பார்த்த, யுத்தம் முடிந்த கையோடு எடுத்த அந்தப் பழைய கோதுமைப் படத்தைத்தான். அதிலும் கடைசியில் வருகிற விருந்துக் காட்சியை.

அந்தக் காட்சியைச் சொல்லியாக வேண்டும். மால்டோவா என்று ஒரு சின்ன நாடு, அன்றைக்கு சோவியத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே ஒரு கூட்டுப்பண்ணை. அறுவடை முடிந்து வயல்வெளியில் நீள மேஜை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவுக்கு ரொட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பெரியவர்கள் ஒரு பக்கம், பன்னிரண்டு குழந்தைகள் ஒரு பக்கம். மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு ஏழு வயது இருக்கலாம். உப்பிய கன்னம், ஒரு புருவத்தில் வெட்டுத் தழும்பு. ரொட்டியைப் பிய்த்துக் கடிக்கிறாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்த கணம், கண் இமைக்கிற நேரம்தான், அவள் இடதுகை ஒரு துண்டு ரொட்டியோடு கவுனுக்குள் போய்விட்டுக் காலியாக வெளியே வருகிறது. அதற்கடுத்த காட்சியில் ஒரு குதிரைக்குட்டி துள்ளிக்கொண்டு வரும்.

அந்தக் கைக்குத் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. எடுத்தவர்களே அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் ஏனோக் கவனித்தார். பக்கத்தில் நிற்பவரின் விரல் அசைவைக்கூடப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? அந்த இடத்துக்கு அவரே ஒரு வசனம் போட்டார்.

“பாருங்க, கன்னம் எப்படி உப்பியிருக்கு! வயிறு நெறஞ்சாச்சு, இனி எடமில்ல! மிச்சத்த எங்க ஒளிக்கிறா பாத்தீங்களா? யாருக்கு? குதிரைக்குட்டிக்கு!”

சொல்லி வாய் மூடவும் திரையில் குட்டி துள்ளவும் சரியாக இருக்கும். கூட்டம் வெடித்துச் சிரிக்கும். பதினேழு வருஷம், ஒரு இடத்தில்கூட இந்த வசனம் பொய்க்கவில்லை.

உப்பலில் ஒரு நாள் படம் முடிந்ததும் கனகம் என்ற அம்மாள் ஏனோக்கிடம் வந்தார். மூன்று பிள்ளைகள் சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ரேஷன் கடையில் விடிகாலையிலிருந்து நின்றாலும் கோதுமை கிடைக்காத வருஷம் அது.

“நெசமாவா ஐயா? பிள்ளைங்க தின்னு மிச்சம் வெக்குதுங்களா?”

“நெசந்தாம்மா.”

“எங்கயோ ஒரு ஊர்ல அப்படி இருக்குல்ல? அது போதும்யா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஏனோக் அன்று வீடு வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தார். இருபத்துமூன்று வயது. நல்ல செய்தி சொல்கிறவன் என்ற பெருமை.

தொண்ணூற்றொன்றில் அந்த நாடே கலைந்தது, மன்றமும் கலைந்தது. படச்சுருள்களைப் பழைய சாமான் வண்டியில் ஏற்றினபோது, கோதுமைப் படத்தை மட்டும் ஏனோக் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக அது டிரங்குப் பெட்டியில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் சீரியல் பல்புகளுக்கும் அடியில் கிடந்தது. நாளாக ஆக அதிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பியது. பழைய பேப்பர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நக்கோ அம்மா, நக்கோ”, வேண்டவே வேண்டாம் என்று ஓடினார்.

“வீடு பூரா ஊறுகாப் பானை மாதிரி நாறுது. இத எடுத்துக் கடாசப் போறியளா இல்லியா?” என்று ஜெயசுந்தரி கத்திய கத்தலில்தான் மாடியில் குடியிருக்கும் ஸ்மிதா இறங்கி வந்தாள். லோத்குண்டாவில் வளர்ந்த பெண். பழைய படங்களைக் காப்பாற்றுகிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. உள்ளே வந்ததும் நாய்க்குட்டி போல மோப்பம் பிடித்தாள்.

“அங்கிள், இது வினிகர் ஸ்மெல். ஃபிலிம் செத்துட்டிருக்கப்போ வர்ற ஸ்மெல். எங்க வெச்சிருக்கீங்க?”

தேடிப் பார்த்ததில், அந்தப் படத்துக்கு இதைத் தவிர வேறு பிரதி எங்குமே இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்மிதா சுருளைக் கொண்டுபோய், ஒட்டிக்கொண்ட இடங்களைப் பஞ்சால் பிரித்துப் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒலி முழுக்கப் போய்விட்டிருந்தது. முதலில் சரிசெய்து முடித்த இரண்டு நிமிஷத்தை, ரொட்டியைக் கடித்துச் சிரிக்கும் இடம்வரை, இங்கே பதினேழு வருஷம் ஓடிய படம் என்று எழுதி இன்டர்நெட்டில் போட்டாள். நாலு மாதம் கழித்து மால்டோவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வியோரிகா, அறுபது வயது, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர்.

‘மூன்றாவதாக இருக்கும் சிறுமி என் அம்மா. அந்தத் தழும்பை நான் தினமும் பார்த்து வளர்ந்தேன். அம்மாவின் சிறுவயதுப் படம் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். உலகமே உங்களைப் பார்க்கும், சிரியுங்கள் என்று படமெடுத்தவர்கள் சொன்னார்களாம். நிஜமாகவே யாராவது பார்த்தார்களா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவர்களை நான் பார்க்க வேண்டும். மீதிப் படத்தையும் அவர்களோடு உட்கார்ந்தே பார்க்கிறேன்.’

ஏனோக்குக்குத் தலைகால் புரியவில்லை. பைபிளில் ஏசாயா புஸ்தகத்திலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். மெட்டுகுடாவில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி ஹாலில், சனிக்கிழமை மதியம், கோதுமைப் படம். பழையபடி ஏனோக்கே மைக்கில்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வியோரிகா ஏனோக்கின் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர் சோறு தின்பாரோ மாட்டாரோ என்று ஜெயசுந்தரி கோழிக் குழம்போடு பேக்கரியிலிருந்து ரொட்டியும் வாங்கி வைத்திருந்தார். ஒரு துண்டு கைதவறித் தரையில் விழுந்தது. வியோரிகா குனிந்து எடுத்து, அதை முத்தமிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார். ஜெயசுந்தரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“எங்கள் வீட்டில் அப்படித்தான்” என்று வியோரிகா ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, படம் எடுத்த கதையைச் சொன்னார்.

நாற்பத்தேழாம் வருஷம். வறட்சி, அதற்குமேல் அரசாங்கம் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவராவது செத்திருந்தார்கள். அந்தக் கோடையில்தான் நகரத்திலிருந்து லாரியில் ரொட்டி வந்தது, கேமராவும் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் எலும்பும் தோலுமாக இருந்ததால் படத்துக்கு உதவவில்லை. நகரத்து நாடகக் குழுவிலிருந்து நடிகர்களை அழைத்துவந்து அப்பா அம்மாவாக உட்கார வைத்தார்கள். குழந்தைகளை மட்டும் ஊரிலேயே பொறுக்கினார்கள். கன்னம் உப்பியவர்களாகப் பார்த்து.

“பட்டினி அதிகமானால் முகம் வீங்கும். என் அம்மாவின் கன்னம் அப்படி வந்தது” என்றார் வியோரிகா.

ஏனோக்கின் கை தட்டிலேயே நின்றது.

“கடிக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். எடுத்து முடிந்ததும் மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். என் மாமா வசீலேவுக்கு அப்போது மூன்று வயது, வீட்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அவருக்காக ஒரு துண்டை ஒளித்துக் கொண்டுபோனதாக அம்மா சொல்வார். யாரும் நம்பியதில்லை. அத்தனை பேர் காவலுக்கு நிற்க, ஏழு வயதுப் பிள்ளையால் எப்படி முடியும்? பாட்டியே சிரிப்பார். மாமாவுக்கு ஒன்றும் நினைவில்லை. நானும் நம்பவில்லை. வயதானவர்கள் தங்களுக்காகக் கதை கட்டிக்கொள்வார்கள் இல்லையா?”

ஜெயசுந்தரி ஏனோக்கை ஒரு பார்வை பார்த்தார். அந்த வசனத்தை அவரும் நூறு தடவை கேட்டவர். கை கழுவப் போகிற சாக்கில் புருஷனைச் சமையலறைக்குள் இழுத்தார்.

“ஏன் சொல்லாம இருக்கிய? அந்தக் கைய நீங்கதான பாத்திய! உலகத்துலயே நீங்க ஒரு ஆளுதான பாத்திருக்கிய!”

“எப்படி சுந்தரி சொல்லுவேன்? பாத்துட்டு நான் என்ன சொன்னேன்? வயிறு நெறஞ்சு போச்சுன்னேன். குதிரைக்குட்டிக்குன்னேன். ஊரையே சிரிக்க வெச்சேனே!”

“தாள்ல இருந்தத சொன்னிய. உங்கமேல என்ன தப்பு?”

“அது தாள்ல இல்ல” என்றார் ஏனோக். “பாக்கியெல்லாம் படம் எடுத்தவன் பொய். அது ஒண்ணு மட்டும் என் பொய்.”

ஜெயசுந்தரி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். வெளியே வந்து வியோரிகாவுக்குப் பாயசம் ஊற்றினார்கள். அந்தக் கையைப் பற்றி மட்டும் ஏனோக் சொல்லவில்லை. அந்த அம்மாள் இத்தனை தூரம் வந்தது தாயின் முகத்தைப் பார்க்க. அதன்மேல் நாளைக்கு எந்த வாயால் எதைச் சொல்வது? சொல்லாமல் விட்டால் கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கை போய்விடும், பார்க்கவே மாட்டார். சொன்னால் தான் ஊரைச் சிரிக்க வைத்ததும் வெளியே வரும். சனிக்கிழமை காலையில் அவர் பைபிளைத் திறந்தார், மூடினார். சவரம் செய்யும்போது இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

மதியம் ஹாலில் எழுபது பேருக்குக் குறையாது. பாதிப்பேர் கைத்தடியோடு வந்திருந்தார்கள். உப்பலிலிருந்து மெட்ரோ பிடித்து வந்தவர்களில் அருணாசலமும் ஒருவர். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன கனகத்தின் மூத்த மகன். அன்று சேலையைப் பிடித்துத் தொங்கினவர், இன்று தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர். முதல் வரிசையில் வியோரிகா. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். ஸ்மிதா படத்தைப் போட்டாள்.

அதே கோதுமை. அதே டிராக்டர்கள். ஏனோக் மைக்கைப் பிடித்தார். தாள் தேவைப்படவில்லை, எல்லாம் நாக்கிலேயே இருந்தது. ஆனால் குரல் எழும்பவில்லை. “இது வயல்” என்றார். “இவங்க வர்றாங்க” என்றார். பின்வரிசையில் ஒருவர், “ஏனோக் அண்ணனுக்கு உடம்பு சரியில்லியா?” என்று கேட்டது மைக் வரைக்கும் கேட்டது.

எல்லாம் பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் கோதுமையைப் பார்த்து அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இருபத்துமூன்று வயதில் என்ன செய்ததோ, எழுபத்துநாலு வயதிலும் அதையே செய்கிறதே! எப்பேர்ப்பட்ட தேர்ந்த கை அதைப் படமெடுத்திருக்கும், அந்தத் திறமையை எப்பேர்ப்பட்ட காரியத்துக்குக் கொடுத்திருக்கும் என்று நினைத்து நின்றார்.

விருந்து மேஜை வந்தது. ரொட்டி மலை. மூன்றாவது சிறுமி. வியோரிகா இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிறுமி கடித்தாள். சிரித்தாள். இருட்டில் அருணாசலத்தின் குரல் ஆசையாக எழுந்தது.

“அண்ணே! குதிரைக்குட்டி! குதிரைக்குட்டி வசனம்!”

கை போனது, வந்தது. குட்டி துள்ளியது. ஏனோக்கின் வாய் திறக்கவில்லை. சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நிறுத்தும்மா ஸ்மிதா” என்றார் ஏனோக். “பின்னால போ. மெதுவாப் போடு.”

வியோரிகாவின் பக்கத்தில் போய்க் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “முகத்தைப் பார்க்காதீர்கள். இடதுகையைப் பாருங்கள்.”

படம் மெல்ல நகர்ந்தது. வாய் சிரித்தது. கண்கள் கேமராவிடமே இருந்தன. ஏழு வயதுப் பிள்ளை, நகரத்து நடிகர்கள் நடுவில், அவர்களில் யாரும் நடிக்காத நடிப்பை நடித்தாள். கீழே, மேஜை விளிம்பில், சின்ன விரல்கள் ஒரு துண்டைச் சுருட்டின. கவுனின் கழுத்துக்குள் போயின. காலியாகத் திரும்பின. ஸ்மிதா அங்கேயே நிறுத்தினாள்.

“வசீலே” என்றார் வியோரிகா.

ஏனோக் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே அந்த அம்மாளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு வாக்கியம் என்று எல்லாவற்றையும் சொன்னார். பட்டினியைச் சொன்னார். வீங்கின கன்னத்தைச் சொன்னார். லாரியைச் சொன்னார். “இதப் பாத்துட்டுத்தான் நான் குதிரைக்குட்டிக்குன்னு சொன்னேன். பதினேழு வருஷம் சொன்னேன். உங்க எல்லாரையும் சிரிக்க வெச்சேன். அம்மா, என்ன மன்னிச்சிருங்க” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மைக்கில் அவர் சொன்ன ‘நான்’ அவருடையதாகவே இருந்தது.

வியோரிகா அவரைப் பார்த்தார். கோபமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

“சிரித்தார்களா?” என்று கேட்டார். “அந்தக் கையைப் பார்த்தா?”

“ஆமாம்.”

“எல்லோருமா?”

“எல்லோரும்.”

“அப்படியானால் எல்லோரும் பார்த்தார்கள்” என்றார். எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “யார் யார் பார்த்தீர்கள்?”

ஏனோக் தமிழில் சொன்னார். முதலில் அருணாசலம் கையைத் தூக்கினார். தூக்கியபடியே எழுந்தார்.

“பாத்தேம்மா. உப்பல்ல. எங்கம்மா பக்கத்துல உக்காந்து பாத்தேன். வீட்ல சோறு பத்தாதப்ப எங்கம்மா தன் பங்க எங்களுக்குத் தள்ளிட்டு, ‘எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு, இது குதிரைக்குட்டிங்களுக்கு’ன்னு சொல்லும். ஹவ், ஆமாம்மா, நாங்களும் நம்பிட்டோம்.”

ஏனோக் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் ஹாலில் கைகள் எழுந்திருந்தன. சுருங்கின கை, வளையல் போட்ட கை, நடுங்குகிற கை. ஒரு நாற்பது இருக்கும். நாற்பது பேரும் எங்கோ ஒரு காலனியில், மூங்கிலில் கட்டிய துணியில், அந்த இடதுகையைப் பார்த்த சாட்சிகள். வியோரிகா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்த்து முடிக்கிறவரைக்கும் ஒருவரும் கையை இறக்கவில்லை.

பிறகு அவர் ஆங்கிலத்தில் பேசினார். ஏனோக் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், ஐம்பது வருஷமாக நிற்கிற அதே இடத்தில்.

“என் அம்மாவின் பெயர் தோம்னிகா.”

“என் அம்மாவோட பேரு தோம்னிகா.”

“என் மாமா வசீலே உயிரோடு இருக்கிறார். எண்பத்தொரு வயது.”

“எங்க மாமா வசீலே உயிரோட இருக்காரு. எண்பத்தொரு வயசு.”

“அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.”

“அம்மா சொன்னத யாரும் நம்பல.” ஏனோக் நிறுத்தினார். “நானும்...” என்றவர் உடைந்துபோனார். இந்தத் தடவை அந்த அம்மாளுக்குக் குரல் உடையவேயில்லை, இவருக்குத்தான் உடைந்தது. வியோரிகா அவர் தோளில் கைவைத்தார். வைத்துவிட்டு, மைக்கைத் தாண்டித் திரைக்குப் போனார்.

சிறுமியின் முகம் அவரைவிடப் பெரியதாக நின்றிருந்தது. அந்தக் கன்னத்தை, அந்தத் தழும்பை, கையால் தொட்டார். தன் சொந்த மொழியில் ஏதோ சொன்னார். ஒரு வாக்கியம், நின்று இன்னொரு வாக்கியம். நடுவில் பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு இடைவெளி.

கூட்டம் ஏனோக்கின் பக்கம் திரும்பியது. வழக்கப்படி அடுத்த வாக்கியம் அவருடையது. அவரும் வழக்கப்படி மைக்கை வாயருகே கொண்டுபோனார். சொல்லியிருக்கலாம். தெரியாத மொழிக்குமேல் பதினேழு வருஷம் வார்த்தைகளை வைத்தவர், இதற்கா வைக்க முடியாது?

மைக்கைக் கீழே இறக்கினார்.

“என்னண்ணே சொல்றாங்க?” என்று அருணாசலம் மெதுவாகக் கேட்டார்.

“தெரியலப்பா” என்றார் ஏனோக். “அவங்க அம்மாகிட்ட பேசுதாங்க.”